சமுதாய நலச் செவிலியம்: கொங்கு நாட்டில் வீடு வீடாகப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆஸ்பத்திரியில் கட்டில் நம்முடையது, நேரம் நம்முடையது, யார் உள்ளே வரலாம் என்று சொல்கிற உரிமையும் நம்முடையது. ஊருக்குள் இறங்கிவிட்டால் அத்தனையும் கைமாறிவிடும். தோட்டத்துச் சாளைக்குப் போனால் நாயைக் கட்டிய பிறகுதான் உள்ளே நுழைய முடியும். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் அந்த வீட்டு அம்மா வந்து உட்காருவார். சமுதாய நலச் செவிலியத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் கை கழுவுவது முதல் ரகசியம் காப்பது வரை எல்லாமே இந்த ஒரு நிலைமையை ஒட்டித்தான் வருகிறது: நாம் போவது அடுத்தவர் வீடு.

செவிலியர் படிப்பை முடித்து ஊர்ப் பணிக்கு வருகிற பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் தன்னார்வலர்களுக்கும், வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

இந்த வேலைக்கு ஒரு பின்கதையும் உண்டு. 1859-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், நோயில் கிடந்த தன் மனைவியைப் பார்த்துக்கொண்ட செவிலியரையே ஏழைகளின் வீடுகளுக்கும் அனுப்பினார். 1893-இல் நியூயார்க்கில் லில்லியன் வால்ட் குடியேறிகளின் குடியிருப்புகளில் இதையே ஒரு தனித் தொழிலாக வளர்த்தெடுத்தார். நம் பக்கம் கொள்ளைநோய்க்கு அஞ்சிய காலத்தின் அடையாளமாகக் கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை வந்து சேர்வது ஒரு வேலை. அது சரியாக உள்ளே போவதும், அதைச் சாப்பிடுகிறவர் வழுக்கி விழாமல் இருப்பதும் வேறு வேலை.

முதலில் ஊரைப் படியுங்கள்

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான், ஊர்கள்தான் வேறு வேறு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தத்திலேயே ஆயுளைக் கழித்துக் காது மந்தமானவர்கள் அதிகம். நூல் மில்லில் வேலை பார்ப்பவர், வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுக்குகிறது என்று சொன்னால், பஞ்சுத்தூசி நுரையீரலைப் பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். அதைச் சளி என்று எழுதி அனுப்பிவிடக் கூடாது. பர்கூர், தாளவாடி மலையில் ராத்திரி வண்டி கிடைப்பதுதான் பாதி வைத்தியம்.

ஒரு வெள்ளைத்தாளில் ஊரை வரையுங்கள். தண்ணீர்த் தொட்டி, நியாய விலைக் கடை, வடக்கத்தித் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகள், ஊரிலிருந்து தள்ளியிருக்கும் தோட்டத்து வீடுகள், ராத்திரி கூப்பிட்டால் கார் எடுப்பவர் வீடு எல்லாம் அதில் இருக்கட்டும். அப்புறம் ஒரு தனிப் பட்டியல் போடுங்கள்: தனியாகவோ தம்பதியாகவோ மட்டும் இருக்கும் பெரியவர்கள். கொங்கு நாட்டில் இந்தப் பட்டியல் வருடத்துக்கு வருடம் நீள்கிறது. ஒரே பையன், அவனும் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு வர அப்பாருக்கு (தாத்தாவுக்கு) மனசில்லை.

பை, கை, நுழைவு

பையைத் தரையில் வைக்காதீர்கள். செய்தித்தாளை விரித்து அதன்மேல் வையுங்கள். சோப்பும் துண்டும் பையின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். கை கழுவியபின்தான் மற்றதை எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி கை கழுவி, கருவிகளைத் துடைத்து உள்ளே வைத்து, தரையைத் தொட்ட பக்கம் உள்ளே போகும்படி காகிதத்தை மடித்து எடுங்கள். கை கழுவ 20 நொடி போதும். வீட்டுக்காரர் பார்க்கும்படி கழுவுங்கள். சொல்லிக்கொடுக்காமலே பாதி பாடம் போய்ச் சேரும்.

உள்ளே போகிற முறைக்கு வருவோம். செருப்பை வெளியே விடுங்கள். யாரிடம் பேசப் போகிறோமோ அவர் பெயரைச் சொல்லி, எதற்கு வந்தோம் என்பதையும் சொல்லிவிட்டு, "உள்ளே வரலாமுங்களா?" என்று கேட்டு நில்லுங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வர வேண்டியதுதான். "சரிங்க ஆத்தா, நோம்பி (பண்டிகை) முடிஞ்சதும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தால் அடுத்த முறை கதவு திறக்கும். வற்புறுத்தி நுழைந்த வீட்டில் கிடைக்கிற பதில்களை நம்ப முடியாது.

பி.பி. பார்ப்பது சின்ன வேலை இல்லை

வீட்டில் பி.பி. தப்பாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் மிஷின் இல்லை. தோட்டத்திலிருந்து கூப்பிட்டதும் விறுவிறுவென்று வந்து, கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்து, மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை நீட்டுவார்கள். அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால் என்ன ஆகும்?

முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி வேண்டும். பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. அரைமணி முன்பிருந்து காப்பியோ புகையிலையோ இருக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும், பேச்சு வேண்டாம். கை, நெஞ்சு உயரத்துக்கு ஏதாவது ஒன்றின்மேல் இருக்க வேண்டும். ரவிக்கையின் மேலேயோ சட்டையின் மேலேயோ சுற்றாதீர்கள். ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். முதல் தடவை போகிற வீட்டில் இரண்டு கையிலும் எடுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு நாளும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு படி கூடுதலாக உண்டு. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை எடுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. நின்றதும் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், காலையில் கட்டிலைவிட்டு எழும்போது அவர் தலைசுற்றி விழக்கூடிய ஆள். அவசர வேலையில் இந்தச் சோதனையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு விருப்பமான சோதனை இதுதான், செலவே கிடையாது.

விழாமல் பார்த்துக்கொள்வது

பெரியவர்களின் பாதுகாப்பில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் பலர் பழையபடி நடப்பதில்லை. விழுவதைத் தலைவிதி என்று விட வேண்டியதில்லை. எங்கே, எப்போது விழுவார் என்பதை வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தால் ஓரளவு சொல்லிவிடலாம்.

பெரியவரையே கூட்டிக்கொண்டு நடங்கள். "ராத்திரி ஒண்ணுக்குப் போறப்ப எப்படிப் போவீங்க, ஒருக்கா நடந்து காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுவதைப் பாருங்கள். கயிறு தொய்ந்த கட்டிலில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். எழ வேண்டுமானால் கையை ஊன்றி, ஒரு ஆட்டு ஆட்டி, முன்னால் சாய வேண்டும். அந்த ஆட்டத்தில்தான் சரிவார்கள். கயிற்றை இழுத்துக் கட்டலாம், அல்லது முழங்கால் உயரத்துக்குப் பலகைக் கட்டில் போடலாம். எழுந்தவர் சுவரைத் தடவிக்கொண்டு சுவிட்சைத் தேடுகிறாரா? அது ஆசாரத்தின் (கூடத்தின்) அந்தக் கோடியில் இருக்கும். கட்டிலோரம் ஒரு சுவிட்ச் வேண்டும், இல்லாவிட்டால் தலைமாட்டில் டார்ச் வேண்டும். அடுத்தது நிலைப்படி. பழைய வீடுகளில் அது உயரமாக இருக்கும். ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தால் பார்வை மங்கியவருக்கும் தெரியும்.

அதையும் தாண்டினால் பொடக்காலி, அதாவது வீட்டின் பின்புறம். தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கிற கல், அதைச் சுற்றிப் பாசி. குளியலறையும் கக்கூசும் வீட்டுக்கு வெளியே அங்கேதான். எங்கள் பக்கத்து வீடுகளில் கவனம் வேண்டிய இடம் ஒன்றைச் சொல்லு என்றால் இதைத்தான் சொல்வேன். பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். போகிற வழியில் சுவரோரம் ஒரு ஜி.ஐ. பைப்பைப் பிடிமானமாகப் பதிக்கச் சொல்லுங்கள். ஊர் வெல்டிங் பட்டறையில் செய்து தருவார்கள். குந்தி எழ முடியாதவருக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து ஒப்பேற்றுவார்கள், அது வழுக்கும், கால் விரியும். கமோடு சேர் வாங்குவதே நல்லது. ராத்திரிக்கு மட்டும் கட்டிலோரம் வாளியோ பாட்டிலோ வைத்துக்கொள்ளச் சொன்னால் கூச்சப்படுவார்கள். மருமகள் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வெளியே விழுகிறவர்களை மறந்துவிடாதீர்கள். மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு போகும் பழக்கம் நம் அப்பாருகளுக்கு உண்டு. மாடு மிரண்டால் ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடும். கயிற்றைப் பிடித்தால் போதும், சுற்றக் கூடாது. வேட்டி தரையில் புரளக் கூடாது. தேய்ந்த ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்து, வரி இல்லை என்றால் மாற்றச் சொல்லுங்கள். கைத்தடி என்றால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு வருகிற உயரம்தான் பிடியின் உயரம்.

நடையை அளக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. நாற்காலியில் உட்கார வைத்து, மூன்று மீட்டர் தூரத்தில் கோடு போட்டு, எழுந்து நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொண்டு பிசியோதெரபிக்கு எழுதுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நடக்க வேண்டும். சோதனையிலேயே விழுந்துவிட்டால் நன்றாகவா இருக்கும்!

விழுந்தே விட்டால் உடனே தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்புப் பக்கம் எலும்பு முறிவு என்று வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். எண்ணெய்க் கட்டுப் போடும் இடத்துக்குத் தூக்கிப் போவது இன்றும் நடக்கிறது. கைவிரல் சுளுக்கு வேறு, இது வேறு. எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்துவிட்டால் கெட்டுப்போகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடி என்றால், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

மாத்திரைக் கவரைக் கொட்டுங்கள்

எல்லா வீட்டிலும் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கும். அனுமதி கேட்டுவிட்டு அதைக் கட்டிலில் கொட்டுங்கள். கவர்மெண்டில் கொடுத்த ஆம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை ஒன்று, தனியார் டாக்டர் எழுதிய வேறு கம்பெனி ஆம்லோடிபின் ஒன்று. நிறம் வேறு, பெயர் வேறு, மருந்து ஒன்று. அம்மிச்சி (பாட்டி) இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தலைசுற்றல் என்று போனால் மூன்றாவதாக ஒன்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். மருந்தின் பெயரைப் பார்த்து ஒரே காகிதத்தில் வரிசையாக எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அந்தக் கவரில் மூன்றைத் தேடுங்கள். ஒன்று, மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோபினாக் வகை, பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றைப் புண்ணாக்கும். இரண்டு, தூக்க மாத்திரை. ராத்திரித் தடுமாற்றத்துக்குப் பெரிய காரணம். மூன்று, நீர் மாத்திரை. அதைச் சாயங்காலம் சாப்பிட்டால் ராத்திரி முழுக்கப் பொடக்காலிக்கு நடைதான். காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். லேகியம், கஷாயம், பொடி இருந்தால் அதையும் பட்டியலில் எழுதுங்கள், முகம் சுளிக்காமல். சுளித்தால் அடுத்த முறை ஒளித்து வைப்பார்கள்.

படிக்கத் தெரியாதவருக்குக் காலை மாத்திரைக் கவரில் சூரியனும் ராத்திரிக் கவரில் நிலாவும் வரைந்து கொடுங்கள். இன்சுலின் போடுகிற வீட்டில் பிரிட்ஜ் இல்லாவிட்டால், குப்பியைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு, ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் வைக்கலாம். போட்ட ஊசியைக் குப்பையில் எறியக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துச் சுகாதார நிலையத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். குப்பை அள்ளுகிறவர் கையும் நம் பொறுப்புதான்.

சுகர் மாத்திரை சாப்பிட்டுவிட்டு விரதம் இருக்கிறவர்கள் உண்டு. சஷ்டி, கிருத்திகை வருவதற்கு முன்பே பேசுங்கள். வேர்வை, நடுக்கம், குளறல் இருந்து, சுகர் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-தான். கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை என்றால் ஏறிய சுகர் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம், அதனால் தெளிந்தவரையும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

இன்னொன்று: நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று ஆளை மாற்றிச் சொல்கிறார், பகலில் தூங்கி ராத்திரி புலம்புகிறார் என்றால், "வயசாயிருச்சுங்க, அப்படித்தான்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை என்று காரணம் ஏதாவது இருக்கும். வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

படுத்த படுக்கையாக இருப்பவர்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முதுகின் அடி, குதிகால், இடுப்பெலும்பு, முழங்கை ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்; மஞ்சளோ ஸ்பிரிட்டோ வேண்டாம்; நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தையும் வேண்டாம், அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அமுக்கும். காற்று மெத்தை உதவும், ஆனால் புரட்டுவதற்கு மாற்று அல்ல. முட்டை, பருப்பு, பால் போகிறதா என்று பாருங்கள். கொள்ளுப் பருப்பும் ராகியும் நம் அடுப்பிலேயே இருக்கின்றன. சாப்பாடு ஊட்டும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். முடிந்து அரைமணி வரை படுக்க வைக்கக் கூடாது.

அப்புறம், பார்த்துக்கொள்கிறவரிடம் திரும்புங்கள். அது அநேகமாக மருமகள் அல்லது மனைவி. "நீங்க கடைசியா எப்பங்க முழுசாத் தூங்குனீங்க?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அழுதுவிடுகிறவர்கள் உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது நாத்தனாரோ பக்கத்து வீட்டாரோ மாற்றி உட்கார ஏற்பாடு செய்வதும் செவிலியர் வேலைதான்.

தனியாக இருக்கும் பெரியவர்கள்

2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் மூவரும், 2025-இல் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதியும் கொலை செய்யப்பட்டார்கள். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. பயத்தைக் கூட்டுவது நம் வேலை இல்லை. செய்யக்கூடியதைச் சொல்லலாம்: வாசலுக்கும் பொடக்காலிக்கும் விளக்கு, காது கேளாதவருக்கு வெளிச்சம் வரும் அழைப்பு மணி, போனில் ஒற்றைப் பொத்தானுக்குப் பக்கத்துத் தோட்டத்து எண், தினமும் ஒரே நேரத்தில் ஒரு போன். போன் எடுக்காவிட்டால் யார் நேரில் போய்ப் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மகன்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

ஆபத்து வீட்டுக்குள்ளேயும் இருக்கலாம். வேறு வேறு நிறத்தில் காயங்கள், காரணமில்லாமல் எடை குறைவது, மகன் வந்ததும் பேச்சு நிற்பது, பென்ஷன் ஏ.டி.எம். கார்டு யார் கையில் என்றால் தடுமாறுவது எல்லாம் கவனிக்க வேண்டியவை. பெரியவரைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். அதற்குப் பொய்க் காரணம் தேவையில்லை. எல்லா வீட்டிலும் "கொஞ்ச நேரம் தனியாப் பார்க்கிறது எங்க வழக்கமுங்க" என்று பழக்கிவிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். "யாராச்சும் மனசு நோகப் பேசறாங்களா, கை வைக்கறாங்களா, சோறு தண்ணி சரியாக் கிடைக்குதா?" என்று நேராகவே கேளுங்கள்.

2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காமல் விட்டால் ரத்து செய்யவும் கேட்கலாம். அதனால், தான செட்டில்மெண்ட் எழுதப் போகிறேன் என்று எந்த ஆத்தாவாவது சொன்னால், அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். யார் பக்கமும் சேர வேண்டாம். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

துணை போன பிறகு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மூலையில் உட்காருகிறவரைப் பற்றிக் கவலைப்படுங்கள். "இருந்து என்ன பண்றது" என்ற பேச்சைச் சும்மா கடந்து போகாதீர்கள். உயிரை விடுகிற எண்ணம் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பூச்சி மருந்தைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். 14416 என்ற மனநல எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

வருமுன் காப்பதன் நான்கு தட்டு

பாடப் புத்தகத்தில் நான்கு நிலை என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். பழனிக்கு நடந்து போகிறவர்களின் பாதத்தை வைத்துப் பாருங்கள், மறக்காது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடியோடு வெறுங்காலில் நடப்பவர்களில் சுகர் உள்ளவர்களும் இருக்கிறார்கள். சின்ன வயதிலேயே ஓடியாடி, உடம்பு பெருக்காமல், சுகருக்கு வழியே இல்லாமல் வளரவிடுவது முதல் தட்டு. சுகர் வந்தவர் பாதத்தில் புண் வராமல் காப்பது அடுத்தது: வேண்டுதல் என்றாலும் தடிமனான சாக்ஸ் போட்டோ, நடக்கும் தூரத்தைக் குறைத்தோ போகச் சொல்வது, ராத்திரி தங்குமிடத்தில் விரலிடுக்கைப் பார்க்கச் சொல்வது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி குறைந்திருப்பதை அவருக்கே தெரிவதற்கு முன் கண்டுபிடிப்பது மூன்றாவது. புண் வந்துவிட்டது, விரலை எடுத்தாயிற்று என்றால், மிச்சக் காலையாவது காப்பாற்றி அவரை நடமாட வைப்பது நான்காவது. சாமி காரியத்தைக் கேலி செய்து எந்த நோயும் நின்றதில்லை. பூசாரியையே சொல்ல வைத்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

டெங்குவுக்கு வருவோம். குடிதண்ணீர் நாள் விட்டு வரும் ஊர்களில் தண்ணீரைப் பிடித்து வைக்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? மூடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். கொசு முட்டையிடுவது தண்ணீர் விளிம்புக்கு மேலே உள்ள சுவரில். காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். காலி செய்து மறுபடி நிரப்புகிற வீட்டில் புழு தீராததற்குக் காரணம் இதுதான். கொப்பரைக் களங்களில் குவிந்து கிடக்கும் தேங்காய்த் தொட்டியும் மட்டையும் மழைக்கு முன் கவிழ்த்தோ அப்புறப்படுத்தியோ இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், ஆளை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்கு.

அறம் பேச்சில் இல்லை, வாசலில் இருக்கிறது

செவிலியர்களுக்கான உலகளாவிய அறநெறியை அவர்களின் பன்னாட்டு அமைப்பு 1953-இல் வகுத்தது. 2021-இல் திருத்தி வெளியிட்டது. தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு தூண்களைப் படித்திருப்பீர்கள். ஊரில் அவை வேறு வேடத்தில் வரும்.

கல்யாணத்துக்கு விசாரிக்க வருகிறவர்கள் செவிலியரிடம்தான் முதலில் கேட்பார்கள். "ஏனுங் கண்ணு, அந்த வீட்டுல சீக்கு கீக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே வரும் கேள்வி. நோயே இல்லாத வீட்டைப் பற்றியும் "அதெல்லாம் நான் சொல்றதில்லீங்க" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு இன்னொரு வீட்டுக்கு மௌனமாக இருந்தால், மௌனமே பதிலாகிவிடும். காசநோய், எச்.ஐ.வி., மனநோய், கருக்கலைப்பு எதுவானாலும் இதே பதில். திண்ணையில் பத்துப் பேர் நடுவே "சுகர் முன்னூறுங்க!" என்று கூவுவதும் ரகசியத்தை உடைப்பதுதான்.

"அப்பன்கிட்ட கேன்சருன்னு சொல்லிப்போடாதீங்க" என்று மகன் வாசலிலேயே மறித்துச் சொல்வார். அவர் அன்பில்தான் சொல்கிறார், சண்டை போட வேண்டாம். ஆனால் பொய் சொல்லவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரியவரிடம், "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறீங்க, இல்ல பையன்கிட்டச் சொன்னாப் போதுமுங்களா?" என்று கேளுங்கள். பையனிடமே சொல்லுங்கள் என்றால் அதுவும் அவர் முடிவுதான். "தெரியுங் கண்ணு, சொல்லு" என்பவர்களும் இருக்கிறார்கள். வியாதியை விவரமாகச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை அவரிடம் கொண்டு போங்கள்.

தெளிவான மனதோடு ஒருவர் டவுனுக்கு வரமாட்டேன், ஆபரேஷன் வேண்டாம் என்றால், விளைவுகளைப் புரிந்துகொண்டாரா என்று பார்ப்பது உங்கள் கடமை. முடிவு அவருடையது. குழப்பத்தில் இருப்பவர் சொல்கிற "வேண்டாம்" வேறு. அங்கே காரணத்தைத் தேடுங்கள்.

நீதி என்பது நடைவழியில் தெரியும். ஊருக்குள் முதலில், காலனிக்கு நேரம் இருந்தால், லைன் வீட்டு வடக்கத்திக்காரர்களுக்கு மொழி தெரியாததால் அடுத்த மாதம் என்ற வரிசையில் போனால், எந்த அறநெறியைப் பிரேம் போட்டு மாட்டினாலும் பயனில்லை. நோயின் அவசரத்தைப் பார்த்து வரிசை போடுங்கள். ஒரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்தால் எல்லா வீட்டிலும் குடியுங்கள். கை நிறைய முருங்கைக்காய் கொடுத்தால் வாங்கலாம், மறுத்தால் மனசு நோகும். பணம் கொடுத்தால் வாங்கக் கூடாது, நோம்பிக் காசு என்றாலும்.

எழுதுவதும் அனுப்புவதும்

அன்றே எழுதுங்கள். பார்த்ததையும் அவர் சொன்னதையும் எழுதுங்கள், உங்கள் தீர்ப்பை அல்ல. "மருமகள் கவனிப்பதில்லை" என்பது தீர்ப்பு. "மதியம் ஒரு மணி வரை காலைச் சாப்பாடு இல்லை என்று சொன்னார், உதடு வறண்டிருந்தது" என்பது குறிப்பு. காயம் இருந்தால் இடம், அளவு, நிறம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது வெறுமனே "ஜி.எச்.-க்குப் போங்க" என்று விடாமல், எந்தக் கிழமை, எந்தப் பிரிவு, எந்த பஸ், கையில் என்ன காகிதம், கூட யார் போவது என்று ஐந்தையும் சொல்லி, போய் வந்தாரா என்று திரும்பக் கேளுங்கள்.

உங்கள் பாதுகாப்பும் கணக்கில் உண்டு. எந்தத் தோட்டத்துக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குடித்துவிட்டு ரகளை நடக்கிற வீட்டில் வாசலோடு திரும்பிவிட்டு அடுத்த நாள் துணையோடு போங்கள். தெரியாத நாய் இருக்கிற தோட்டத்தில் வண்டி ஹாரனை அடித்துவிட்டு, வீட்டுக்காரர் வெளியே வரும் வரை வண்டியிலேயே இருங்கள்.